பூட்டிய அரங்கும் ஒரு பியானோவும்

மார்க் பிளிட்ஸ்டைன் 1905-இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த அமெரிக்க இசையமைப்பாளர். தம் இசை நாடகங்களுக்குக் கதை, வசனம், பாட்டு, இசை எல்லாவற்றையும் பெரும்பாலும் தாமே எழுதியவர். அவர் பெயரை இன்றுவரை நிலைநிறுத்தியிருப்பது முதன்மையாக ஒரு படைப்பு: எஃகு ஆலை நகரம் ஒன்றில் தொழிற்சங்கம் உருவாவதைச் சொல்லும் 'தி கிரேடில் வில் ராக்'. தமிழில் 'தொட்டில் ஆடும்' எனலாம். 1937 ஜூன் 16 அன்று நியூயார்க்கில் அது அரங்கேறியது. அதோடு தொடர்புடைய பலர் அந்த இரவைப் பிற்காலத்தில் நினைவிலிருந்து பதிவு செய்து வைத்தார்கள். தயாரிப்பாளர் ஜான் ஹவுஸ்மன் 1972-இல் வந்த 'ரன்-த்ரூ' என்ற தன்வரலாற்றில் அதை விரிவாகச் சொன்னார். அரசு நாடகத் திட்டத்தின் தலைவி ஹாலி ஃபிளானகன் 1940-இலேயே 'அரினா' என்ற நூலில் எழுதினார். பிளிட்ஸ்டைன் 1950-களில் தம் குரலிலேயே இசைத்தட்டில் பதிவு செய்தார். இந்த நினைவுகள் சின்னச் சின்ன விவரங்களில் வேறுபடுகின்றன. முக்கியமான சங்கதிகளில் ஒத்துப்போகின்றன.

பிளிட்ஸ்டைனின் குடும்பம் வசதியான யூதக் குடும்பம். வங்கித் தொழில் செய்தது. சிறு வயதிலேயே பியானோவில் தேர்ந்தவர், 21 வயதில் ஃபிலடெல்ஃபியா ஆர்க்கெஸ்ட்ராவுடன் தனி வாசிப்பாளராக மேடையேறினார். பிறகு பாரிஸில் நாடியா பூலாஞ்சேயிடமும் பெர்லினில் ஆர்னால்ட் ஷோன்பெர்க்கிடமும் இசையமைப்பு கற்றார். அந்த நாட்களில் அவர் கறாரான நவீன இசைக்காரர். தேர்ந்த ரசிகர்களுக்கு மட்டுமே இசை எழுத வேண்டும் என்று நம்பினார். பாமரரும் முணுமுணுக்கும் மெட்டுகளில் எழுதிய குர்ட் வைலைக் கடுமையாக விமர்சித்தார். பின்னாளில் அதே வைலின் படைப்பை ஆங்கிலத்தில் கொண்டுவந்து நிலைநாட்டியவரும் அவரேதான்.

இடைப்பட்ட காலத்தில் அவரை மாற்றியது பொருளாதாரப் பெருமந்தம். 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களில் வேலையில்லாதோர் ரொட்டிக்கு வரிசையில் நின்றார்கள். 1933-இல் அவர் மணந்துகொண்ட எழுத்தாளர் ஈவா கோல்ட்பெக் இடதுசாரி; ஜெர்மன் நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்டின் எழுத்தில் ஈடுபாடு கொண்டவர். நாஜிகளிடமிருந்து தப்பி வந்த இசையமைப்பாளர் ஹான்ஸ் ஐஸ்லர் நியூயார்க்கில் சொன்னவையும் பிளிட்ஸ்டைனின் மனத்தில் தைத்தன. தொழிலாளர் ஊர்வலங்களுக்குப் பாட்டு எழுதிய 'இசையமைப்பாளர் கூட்டு' என்ற குழுவில் அவரும் சேர்ந்தார். யாருக்காக எழுதுகிறோம் என்ற கேள்வி அங்கே தினமும் எழுந்தது. அந்தக் கேள்விக்கு அவர் தேடிய பதில் கட்டுரைகளில் தொடங்கி நாடகத்தில் போய் முடிந்தது.

பிரெக்ட் நியூயார்க்கில் தங்கியிருந்த சமயம் பிளிட்ஸ்டைன் அவருக்கு ஒரு பாட்டை வாசித்துக் காட்டினார். தெருவில் நின்று உடலை விற்றுப் பிழைக்கும் பெண் ஒருத்தி, காலடியில் ஒரு நாணயம் கிடந்தால் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பாடுகிற பாட்டு. கேட்ட பிரெக்ட், இவள் ஒருத்தியோடு நிறுத்தாதே, பத்திரிகை, திருச்சபை, நீதிமன்றம், கலை என எல்லா இடத்திலும் மனிதர்கள் தங்களை விற்கிறார்களே, அதை முழுசாக எழுது என்ற பொருளில் சொன்னார். விதை அங்கே விழுந்தது. 1936 மே மாதம் ஈவா நோயில் இறந்தார். அந்தத் துக்கத்திலேயே பிளிட்ஸ்டைன் ஐந்து வாரத்தில் முழு நாடகத்தையும் எழுதி முடித்தார். அதைப் பிரெக்டுக்குச் சமர்ப்பணம் செய்தார்.

கதை நடப்பது 'ஸ்டீல்டவுன்' என்ற கற்பனை ஊரில், ஒரே இரவில். ஆலை முதலாளியின் பெயர் மிஸ்டர் மிஸ்டர். ஊரில் அவர் வாங்காத மனிதர் இல்லை. தொழிற்சங்கத்தை ஒடுக்க அவர் அமைத்த 'சுதந்திரக் குழு'வைச் சேர்ந்த பெரிய மனிதர்களை, சங்கக்காரர்கள் என்று நினைத்துக் காவலர் ஒருவர் தவறுதலாகப் பிடித்து இரவு நீதிமன்றத்துக்கு இழுத்து வந்துவிடுகிறார். அதே இடத்தில் தெருப்பெண் மோலும் நிற்கிறாள். மகனையும் கடையையும் இழந்து குடிகாரராகிவிட்ட மருந்துக்கடைக்காரர் ஹாரி, இந்தப் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவரும் எப்படி விலைபோனார்கள் என்று அவளுக்குச் சொல்கிறார். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும் காட்சியாக விரிகிறது.

இந்தக் காட்சிகளில்தான் நாடகத்தின் கூர்மை இருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் முதலாளியின் மனைவி ஆண்டுதோறும் போதகரிடம் காணிக்கையோடு வருகிறார். எஃகு வியாபாரத்துக்கு அமைதி லாபமாக இருந்த ஆண்டில் போதகர் அமைதியைப் பிரசங்கிக்கிறார். போர் லாபமானதும் போரைப் பிரசங்கிக்கிறார். அந்தப் பிரசங்கத்துக்குப் பிளிட்ஸ்டைன் தந்திருக்கும் இசை, தேவாலயத்தில் பாடும் பாஹ் கீர்த்தனையின் சாயலில் ஒலிக்கிறது. அதே சீமாட்டியின் கார் ஹாரன், பேத்தோவனின் 'எக்மாண்ட்' முன்னிசையின் மெட்டை ஒலிக்கிறது. கொடுங்கோன்மைக்கு எதிராக நின்றவனைப் பற்றிய அந்த இசை வாசலில் நிற்கும் காரின் ஹாரனாகிவிட, அதைக் கேட்டதும் வயலின்காரரும் ஓவியரும் ஓடோடி வருகிறார்கள். பணக்காரரின் தயவில் வாழும் கலைஞர்களைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக ஒரு வரியும் எழுத முடியாது. பத்திரிகை ஆசிரியர், கல்லூரித் தலைவர், விபத்தில் சிக்கிய தொழிலாளி குடித்திருந்தான் என்று பொய்ச் சான்று எழுதும் மருத்துவர் என வரிசை நீள்கிறது. கடைசியில் வரும் லாரி ஃபோர்மன் என்ற சங்க அமைப்பாளர் மட்டும் நீட்டிய பணத்தை வாங்க மறுக்கிறான். வெளியே ஊர்வலத்தின் முழக்கம் நெருங்கி வர, நாடகம் முடிகிறது.

கதைமாந்தர்களின் பெயர்களே அவர்கள் வகைமாதிரிகள் என்று சொல்லிவிடுகின்றன. முதலாளி முழுக்கக் கேலிச் சித்திரம். அது ஒரு குறைதான். ஆனால் விலைபோகிறவர்கள் அப்படி இல்லை. ஒவ்வொருவரும் தயங்கும் விதம் வேறு, வழுக்கும் இடம் வேறு. மருந்துக்கடைக்காரர் வங்கிக் கடனுக்குப் பயந்து ஒரு கொலைச் சதியைக் கண்டும் வாயை மூடிக்கொள்கிற காட்சியில், அவரைக் குற்றம் சொல்லப் பார்ப்பவருக்கு மனம் வராது. இசையும் அதற்கேற்ப இடம் மாறுகிறது. பேச்சிலிருந்து பாட்டுக்கும், பாட்டிலிருந்து மறுபடி பேச்சுக்கும் இடைவெளியில்லாமல் நகர்கிறது. ஷோன்பெர்க்கிடம் கற்றவர், வானொலியில் அன்று ஒலித்த காதல் பாட்டுகளையும் ஹவாய் மெட்டுகளையும் எடுத்துக் கேலியாகத் திருப்பிக் கொடுத்தார். நியூயார்க் தெருவில் மக்கள் பேசிய ஆங்கிலத்தின் ஏற்ற இறக்கத்தையே மெட்டாக்கினார். அமெரிக்க ஓபராவுக்கு அது புதிது.

இந்த நாடகத்தை எடுத்துக்கொண்டது அரசுதான். ரூஸ்வெல்ட் அரசின் வேலைவாய்ப்பு நிவாரணத் திட்டத்தின் கீழ் 1935-இல் கூட்டரசு நாடகத் திட்டம் தொடங்கியது. வேலையிழந்த நடிகர், இசைஞர், தையற்காரர், ஒளியமைப்பாளர் ஆகியோருக்கு வாரச் சம்பளம் கொடுத்து நாடகம் போட வைத்தார்கள். நியூயார்க்கில் அந்தச் சம்பளம் வாரத்துக்கு 23 டாலர் 86 சென்ட். வேலை பெற்றவர்களில் பெரும்பாலோர் தாங்கள் ஏழைகள் என்று அரசுக்கு நிரூபித்துப் பதிவு செய்துகொண்டவர்கள். நாட்டின் பல மூலைகளில் மேடை நாடகத்தையே பார்த்திராத மக்கள் அதன் மூலம் முதன்முதலாக நாடகம் பார்த்தார்கள். திட்டத்தின் '891-ஆம் பிரிவை' நடத்தியவர்கள் ஹவுஸ்மனும் இயக்குநர் ஆர்சன் வெல்ஸும். வெல்ஸுக்கு அப்போது 22 வயது. 39-ஆம் தெருவில் இருந்த மேக்சின் எலியட் அரங்கில் அவர்கள் பிளிட்ஸ்டைனின் நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கினார்கள். வெல்ஸ் கண்ணாடித் தளம் கொண்ட, உள்ளிருந்து ஒளிரும் நகரும் மேடைகளை வடிவமைத்தார். முழு இசைக்குழு, பெரிய பாடகர் குழு, ஆடம்பரமான ஒளியமைப்பு எல்லாம் தயாராயின.

ஒத்திகை நடந்த மாதங்களில் நாடகத்தின் கதை நாளிதழ்களிலும் நடந்துகொண்டிருந்தது. 1937 மார்ச்சில் மிகப் பெரிய எஃகு நிறுவனமான யு.எஸ். ஸ்டீல் தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது. சிறிய நிறுவனங்கள் மறுத்தன. மே மாதக் கடைசியில் வேலைநிறுத்தம் வெடித்தது. மே 30 அன்று சிகாகோவில் ரிபப்ளிக் ஸ்டீல் ஆலைக்கு அருகே ஊர்வலம் வந்த தொழிலாளர் மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். இந்த நேரத்தில் அரசுப் பணத்தில் எஃகு முதலாளியைத் தோலுரிக்கும் நாடகம் ஒன்று வருகிறது என்ற செய்தி வாஷிங்டனை எட்டியது. நாடாளுமன்றத்தில் இந்தத் திட்டத்துக்கு ஏற்கெனவே எதிரிகள் இருந்தார்கள்.

ஜூன் 12 அன்று ஓர் ஆணை வந்தது. நிதிக்குறைப்பும் மறுசீரமைப்பும் நடப்பதால் ஜூலை 1-க்கு முன் எந்தப் புது நாடகமும், இசை நிகழ்ச்சியும், ஓவியக் கண்காட்சியும் தொடங்கக்கூடாது. நிதிக்குறைப்பு உண்மையானதுதான், ஆட்களை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கும் திட்டத்தை எதிர்த்துக் கலைஞர்கள் அதற்குச் சில நாள் முன்புதான் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். ஆனால் அரங்கேற்றத்துக்கு நான்கே நாள் இருக்கும்போது வந்த அந்த ஆணையை ஃபிளானகன் தணிக்கை என்றே கருதினார். வெல்ஸ் வாஷிங்டனுக்குப் பறந்து போய் வாதாடிப் பார்த்தார். பயனில்லை. ஜூன் 14 அன்று அழைக்கப்பட்டவர்கள் முன்னிலையில் முழு ஒத்திகை நடந்தது. வெல்ஸின் ஒளிரும் மேடைகளோடு நாடகத்தைப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டுமே.

மறுநாள் சீருடைக் காவலர்கள் வந்து அரங்கைக் கைப்பற்றினார்கள். உடை, ஒப்பனைச் சாமான், தட்டி, ஒளிவிளக்கு எல்லாம் அரசின் சொத்து. எதையும் வெளியே எடுக்கக்கூடாது. லாரி ஃபோர்மனாக நடித்த ஹோவர்ட் டா சில்வாவின் டோப்பாவைக்கூட விடவில்லை. அடித்தளத்தில் பெண்கள் ஒப்பனை செய்துகொள்ளும் இளஞ்சிவப்பு அறை மட்டும் அடைபடாமல் இருந்தது. அங்கே ஒரு தொலைபேசி இருந்தது. ஹவுஸ்மன், வெல்ஸ், பிளிட்ஸ்டைன் மூவரும் அந்த அறையையே அலுவலகமாக்கிக்கொண்டு வேறு அரங்கு தேடத் தொடங்கினார்கள். இசைக்குழுவை நடத்தவிருந்த லேமன் எங்கல் கோடைக்காலத்தில் பெரிய ஓவர்கோட் ஒன்றை மாட்டிக்கொண்டு வந்து, அதற்குள் இசைப் பிரதியை மறைத்து வெளியே கொண்டுபோனார்.

தடை அரசிடமிருந்து மட்டும் வரவில்லை. நடிகர் சங்கம், அரசுத் திட்டத்தில் ஒத்திகை பார்த்த நடிகர்கள் அதே நாடகத்தில் வேறு நிர்வாகத்தின் கீழ் மேடையேறக்கூடாது என்று சொல்லிவிட்டது. இசைஞர் சங்கம், அரங்கு மாறினால் முழு இசைக்குழுவுக்கும் பிராட்வே சம்பளம் தரவேண்டும் என்றது. அந்தப் பணம் யாரிடமும் இல்லை. தொழிற்சங்கத்தைப் போற்றும் நாடகத்தின் கழுத்தைத் தொழிற்சங்கங்களே நெரித்தன என்று இதைப் பலர் சொல்வதுண்டு. அது பாதி நியாயம். அந்த விதிகள் எல்லாம் நடிகரையும் இசைஞரையும் ஏமாற்றிய முதலாளிகளுக்கு எதிராகப் பல ஆண்டு போராடி வாங்கிய விதிகள். ஒரு நல்ல நாடகத்துக்காக ஒரு நாள் தளர்த்தினால் மறுநாள் எவனாவது அதையே காட்டி ஏமாற்றுவான் என்ற பயம் சங்கத்துக்கு இருந்திருக்கும். எப்படியோ, ஜூன் 16 மாலை நிலவரம் இதுதான்: நடிகர் மேடையில் ஏறக்கூடாது, இசைக்குழு இல்லை, உடை இல்லை, அரங்கும் இல்லை.

வழி கண்டது விதியின் வாசகத்துக்குள்ளேயேதான். நடிகர் மேடையில் ஏறக்கூடாது என்றுதானே சொன்னார்கள்? பார்வையாளராக உள்ளே வந்து, இருக்கையில் உட்கார்ந்து, தங்கள் இடம் வரும்போது எழுந்து நின்று பாடும் ஒரு குடிமகனை யாரும் தடுக்க முடியாது. பிளிட்ஸ்டைன் நடிகரல்லர், நடிகர் சங்கத்தின் விதி அவரைக் கட்டாது. அவர் மேடையில் பியானோவோடு உட்காரலாம். யாரும் எழுந்திருக்காவிட்டால் எல்லாப் பாத்திரங்களையும் அவரே பாடி முடிப்பார். ஹவுஸ்மன் இதை நடிகர்களிடம் சொன்னாரே தவிர யாரையும் வற்புறுத்தவில்லை. பாதிப் பேருக்கு அந்த வாரச் சம்பளத்தை விட்டால் வேறு வழியில்லை என்பது அவருக்குத் தெரியும்.

பியானோ கொண்டுவரும் வேலை ஜீன் ரோசந்தால் என்ற இளம்பெண்ணிடம் வந்தது. பின்னாளில் அமெரிக்க மேடை ஒளியமைப்பின் முன்னோடியானவர் அவர். கையில் கொடுத்த 10 டாலரில் சுவரோரம் நிறுத்தும் பழைய பியானோ ஒன்றையும், அதை ஏற்ற ஒரு லாரியையும் பிடித்தார். எங்கே இறக்குவது என்று தெரியாது. லாரி நகரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்க, அவர் அவ்வப்போது இறங்கித் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தார். இருட்டும் நேரத்தில், காலையிலிருந்தே அந்த அறையில் யாரும் கவனிக்காமல் உட்கார்ந்திருந்த கொட்டகைத் தரகர் ஒருவர், வெனிஸ் தியேட்டர் காலியாகத்தான் இருக்கிறது என்று சொன்னார். அவர் அதைத்தான் நாள் முழுவதும் சொல்ல முயன்றுகொண்டிருந்தாராம். ஒரு இரவு வாடகை 100 டாலர். அங்கேயே கைமாறியது. 58-ஆம் தெருவில், இருபது தெருக்களுக்கு அப்பால் இருந்த அந்த அரங்கில் பக்கத்து நிலையத்துத் தீயணைப்பு வீரர்கள் கைகொடுக்க, பியானோ மேடையேறியது.

இதற்குள் மேக்சின் எலியட் அரங்கின் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வில் கியர், ஹைரம் ஷெர்மன் முதலிய நடிகர்கள் நடைபாதையிலேயே சில காட்சிகளை நடித்துக் காட்டிக் கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைத்திருந்தார்கள். அரங்கு கிடைத்த செய்தி வந்ததும் நடிகர்களும் பார்வையாளர்களும் ஒன்றாகக் கிளம்பினார்கள். பலர் நடந்தே போனார்கள். வழியில் பார்த்தவர்களையும் கூட்டிக்கொண்டு போனதால், புறப்பட்ட கூட்டத்தைவிடப் போய்ச் சேர்ந்த கூட்டம் பெரிது. வெனிஸ் தியேட்டரில் கதவு திறந்தே இருந்தது, டிக்கெட் கேட்கவில்லை. இத்தாலிய நாடகங்கள் நடக்கும் அந்த அரங்கில் முசோலினி ஆட்சியின் கொடி ஒன்று தொங்கியது. அதைக் கண்டதும் யாரோ ஏறிப் பிடுங்கி எறிந்தார்கள். அரங்கு முழுவதும் கைதட்டியது.

ஒன்பது மணி வாக்கில் ஹவுஸ்மனும் வெல்ஸும் திரைக்கு முன்னால் வந்து பேசினார்கள். திரை எழுந்தபோது வெறும் மேடையில் கோட் இல்லாமல் சட்டையோடு, கால்சட்டைப் பட்டை தெரிய, பிளிட்ஸ்டைன் பியானோ முன் உட்கார்ந்திருந்தார். சத்தம் அரங்கு முழுவதும் கேட்கவேண்டும் என்று பியானோவின் முன்பலகையைக் கழற்றியிருந்தார்கள். உள்ளே இருந்த கம்பிகளும் சுத்தியல்களும் வெளியே தெரிந்தன. ஒளியமைப்பாளர் ஏப் ஃபெடர் எங்கிருந்தோ கொண்டுவந்த ஒற்றை விளக்கின் ஒளி அவர் மேல் விழுந்தது. இடம், நேரம் என்ன என்று அவரே அறிவித்தார். பிறகு மோலின் முதல் பாட்டைத் தாமே பாடத் தொடங்கினார்.

சில வரிகள் போனதும் இன்னொரு குரல் சேர்வது அவருக்குக் கேட்டது. மேடைக்குப் பக்கவாட்டில், கீழ்மாடத்தில், பச்சை உடுப்பும் சாயம் பூசிய சிவப்பு முடியுமாக ஒல்லியான பெண் ஒருத்தி எழுந்து நின்றிருந்தாள். மோலாக நடிக்க வேண்டிய ஆலிவ் ஸ்டாண்டன். பயத்தில் உடல் விறைத்திருந்தது என்று ஹவுஸ்மன் நினைவுகூர்கிறார். முதலில் அந்தப் பெரிய அரங்கில் அவள் குரல் பாதிதான் கேட்டது. ஒவ்வொரு வரிக்கும் வலுத்துக்கொண்டே போனது. ஃபெடரின் விளக்கு மேடையை விட்டு அவள் பக்கம் திரும்பியது. பிளிட்ஸ்டைன் தம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, வாசிப்பதோடு நின்றார். ஆலிவ் ஸ்டாண்டன் புகழ்பெற்றவர் அல்லர். தாமும் தம் தாயும் சாப்பிடுவது நிவாரணச் சம்பளத்தில் என்ற நிலையில் இருந்தவர். எழுந்தால் அது போகலாம்; எழுந்திருக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

அவர் பாடி முடித்ததும், அடுத்துப் பேச வேண்டியவர் கீழே இருக்கை வரிசையிலிருந்து எழுந்தார். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து ஒருவர் கேட்க, பால்கனியிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். காதல் பாட்டை இருவர் அரங்கின் இரு முனைகளிலிருந்து பாடினார்கள். பார்வையாளர்கள் குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் குழு முன்வரிசைகளில் உட்கார்ந்திருக்க, எங்கல் அதே ஓவர்கோட்டோடு எழுந்து அவர்களுக்குச் சைகை காட்டினார். இசைஞர்களில் ஒருவர் மட்டும் அக்கார்டியனோடு வந்திருந்தார். எங்கோ இருந்து அந்த இசையும் பியானோவோடு சேர்ந்தது. வராத நடிகர்களும் இருந்தார்கள். அவர்களின் பாத்திரங்களைப் பிளிட்ஸ்டைனே பாடினார். சிலவற்றை ஷெர்மன் தம் பாத்திரத்தோடு சேர்த்து ஏற்றுக்கொண்டார். இடைவேளையில் கவிஞர் ஆர்ச்சிபால்ட் மெக்லீஷ் மேடையேறிப் பேசினார். பார்வையாளர்கள் சும்மா உட்கார்ந்து பார்க்கிறவர்களாக இருந்த காலம் முடிந்தது என்பது அவர் பேச்சின் சாரம்.

அந்த இரவின் வலிமை எங்கிருந்து வந்தது என்பதை நாடகத்தின் கதையோடு வைத்துப் பார்க்க வேண்டும். பயமும் பிழைப்பும் மனிதரை எப்படி வாய்மூட வைக்கின்றன என்பதைத்தான் பிளிட்ஸ்டைன் எழுதியிருந்தார். போதகர், ஆசிரியர், ஓவியர் எல்லாரும் ஒரு கட்டத்தில் தங்கள் விலையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கேள்வியே அன்று நடிகர்கள் ஒவ்வொருவர் முன்னாலும் நிஜமாக வந்து நின்றது. வெல்ஸின் ஒளிரும் மேடைகள் இருந்திருந்தால் பார்வையாளர்கள் ஒரு திறமையான தயாரிப்பைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். அன்று அவர்கள் பார்த்தது, சம்பளத்தை இழக்கக்கூடிய ஆட்கள் தங்கள் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து நிற்பதை. வராதவர்களை அன்றும் யாரும் தூற்றவில்லை, இன்றும் தூற்றுவதற்கு இடமில்லை. மருந்துக்கடைக்காரர் ஹாரியின் பயம் எவ்வளவு உண்மையானது என்று நாடகமே சொல்கிறது.

நிவாரணத் திட்டத்தின் விதிப்படி வெளியே வேலை செய்ய இரண்டு வார விடுப்பு எடுக்கலாம். நடிகர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ள, ஜூலை 1 வரை வெனிஸ் தியேட்டரில் நாடகம் தொடர்ந்தது. அப்போதும் பியானோ மட்டும், நடிகர்கள் பார்வையாளர்களுக்கு நடுவில். ஹவுஸ்மன் ருமேனியாவில் பிறந்தவர், குடியுரிமை பெறாதவர் என்பதால் புதிய விதி ஒன்றின் கீழ் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வெல்ஸ் தாமே விலகினார். இருவரும் சேர்ந்து மெர்க்குரி தியேட்டரைத் தொடங்கினார்கள். அங்கே டிசம்பர் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் பிளிட்ஸ்டைனின் நாடகம் மீண்டும் வந்தது. 1938 ஜனவரியில் பிராட்வேயில் வின்ட்சர் அரங்குக்குப் போய் 108 காட்சிகள் ஓடியது. அதே ஆண்டு மியூசிகிராஃப்ட் நிறுவனம் அதை இசைத்தட்டுகளாக வெளியிட்டது. பிராட்வே இசை நாடகம் ஒன்று, நடித்தவர்களின் குரலிலேயே ஏறக்குறைய முழுமையாகப் பதிவானது அதுதான் முதல்முறை. கூட்டரசு நாடகத் திட்டம் நீடிக்கவில்லை. 1938 இறுதியில் நாடாளுமன்ற விசாரணைக் குழு ஃபிளானகனை அழைத்து விசாரித்தது. ஷேக்ஸ்பியர் காலத்து நாடகாசிரியர் கிறிஸ்டோஃபர் மார்லோ கம்யூனிஸ்டா என்று ஓர் உறுப்பினர் கேட்டது அந்த விசாரணையில்தான். 1939 ஜூன் 30-இல் திட்டம் மூடப்பட்டது.

பிளிட்ஸ்டைன் தம் பாதையை விடவில்லை. 1941-இல் உணவகத் தொழிலாளர்களைப் பற்றிய அவருடைய 'நோ ஃபார் அன் ஆன்சர்' மேடையேறியது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப்படையில் சேர்ந்து லண்டனில் பணியாற்றினார். கறுப்பின வீரர்களைத் தனிப் பிரிவுகளாக ஒதுக்கி வைத்திருந்த ராணுவம் அது. 1943-இல் சுமார் 200 கறுப்பின வீரர்கள் கொண்ட பாடகர் குழு ராயல் ஆல்பர்ட் ஹாலில் பாடிய நிகழ்ச்சியில் அவருடைய 'ஃப்ரீடம் மார்னிங்' ஒலித்தது. அதை அவர்களுக்கே அவர் சமர்ப்பித்திருந்தார். 1949-இல் வந்த 'ரெஜினா' அவருடைய இசைத்திறன் முழுதாக வெளிப்பட்ட ஓபரா. 1954-இல் வைலும் பிரெக்டும் படைத்த 'த்ரீபென்னி ஓபரா'வை அவர் ஆங்கிலத்தில் தந்தார். நியூயார்க்கில் அது ஆண்டுக்கணக்கில் ஓடியது. லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பாபி டேரினும் பாடி உலகம் முழுவதும் பரவிய 'மேக் தி நைஃப்' பாட்டின் ஆங்கில வரிகள் அவருடையவை. அவருக்குப் பெரும் பணம் தந்ததும் அதுதான், சொந்தப் படைப்பு எதுவும் அல்ல. 1958-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு அவரையும் அழைத்தது. தாம் முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததை ஒப்புக்கொண்டார். வேறு ஒருவர் பெயரையும் சொல்ல மறுத்தார். ஸ்டீல்டவுனைப் படைத்தவர் தம் முறை வந்தபோது லாரி ஃபோர்மன் பக்கம் நின்றார்.

1920-களில் அநியாயமாக மரண தண்டனை பெற்ற இத்தாலியத் தொழிலாளர்கள் சாக்கோ, வான்செட்டி பற்றிய பெரிய ஓபரா ஒன்றை எழுதிக்கொண்டிருந்த சமயத்தில், 1964 ஜனவரி 22 அன்று மார்ட்டினிக் தீவில் இறந்தார். முந்தைய இரவு கடலோடிகள் மூவர் அவரை அடித்துப் பணத்தைப் பறித்திருந்தார்கள். அவருக்கு வயது 58. பாதியில் நின்ற ஓபராவை லியோனார்ட் லேர்மன் என்ற இசையமைப்பாளர் பின்னர் முடித்தார்.

'கிரேடில்' மட்டும் திரும்பத் திரும்ப மேடைக்கு வருகிறது. 1939-இல் ஹார்வர்ட் மாணவராக இருந்த லியோனார்ட் பெர்ன்ஸ்டைன், பியானோவை மனப்பாடமாக வாசித்து அதை மேடையேற்றினார். பார்க்க வந்த பிளிட்ஸ்டைனின் வாழ்நாள் நண்பரானார். 1999-இல் டிம் ராபின்ஸ் அது அரங்கேறிய கதையைத் திரைப்படமாக்கினார். முழு இசைக்குழுவுக்காக எழுதிய படைப்பு என்றாலும் பெரும்பாலான குழுக்கள் இன்றும் பியானோ ஒன்றோடுதான் அதை நடத்துகின்றன. இதனால் பிளிட்ஸ்டைன் எழுதிய இசைக்குழு வடிவம் அரிதாகவே கேட்கப்பட்டது, அது இழப்புதான். 1983-இல் நியூயார்க்கில் ஹவுஸ்மனே ஒரு புதிய தயாரிப்பை இயக்கினார். எண்பது வயதைத் தாண்டிய அவர், நாடகம் தொடங்கும் முன்னால் 1937-இன் கதையைத் தாமே பார்வையாளர்களுக்குச் சொன்னார். இப்படி அந்த நினைவே நாடகத்தின் முதல் காட்சியாகிவிட்டது.

அந்த இரவைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக வெல்ஸின் பெயரில் தொடங்குகிறார்கள். அவர் பின்னர் பெற்ற புகழ் அப்படி. நாடகம் பிளிட்ஸ்டைனுடையது, திட்டம் ஹவுஸ்மனும் வெல்ஸும் போட்டது. ஆனால் முதலில் எழுந்தவர் ஆலிவ் ஸ்டாண்டன். பெயர்ப்பட்டியலில் முதலிடம் அவருக்கே உரியது.